ராட்சத ரோபோ அனிமேவை மங்காவாகப் படிப்பது: ‘கன்டம்: தி ஆரிஜின்’ முழுமையான வழிகாட்டி

1979 ஏப்ரல் 7 அன்று ஜப்பானின் நகோயா தொலைக்காட்சி வழியாக ‘மொபைல் சூட் கன்டம்’ என்ற அனிமே, அதாவது ஜப்பானிய அசைவூட்டத் தொடர், ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதன் பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்த ஓவியர் யசுஹிகோ யோஷிகாசுவே 2001-இல் அந்தக் கதையை முதலிலிருந்து மங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாக, வரைய ஆரம்பித்தார். கடோகவா நிறுவனத்தின் ‘கன்டம் ஏஸ்’ இதழில் பத்து ஆண்டுகள் தொடர்ந்து 2011-இல் முடிந்த அந்தப் படைப்புதான் ‘மொபைல் சூட் கன்டம்: தி ஆரிஜின்’. 2012-இல் ஜப்பானின் செய்யுன் விருது காமிக்ஸ் பிரிவில் இதற்குக் கிடைத்தது. ஜப்பானிய அறிவியல் புனைவு வாசகர்கள் வாக்களித்துத் தரும் விருது அது.

ராட்சத ரோபோ என்றதும் குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. கன்டம் வரிசை கடல் மாதிரிக் கிடக்கிறது, எங்கே கால் வைப்பது என்று தயங்கி நிற்பவர்களும் உண்டு. இரு தரப்பாருக்கும் நான் கொடுக்கும் நூல் இதுவே. ரோபோச் சண்டையின் வேகத்துக்காகப் படிக்கத் தொடங்குபவர்கள் நடுவழிக்கு வரும்போது, ஒரு போர் எப்படி மூட்டப்படுகிறது என்ற வரலாற்றைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வரலாறுதான் இந்த மங்காவின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள படிகள் எல்லாம் அங்கே உங்களைக் கொண்டு சேர்ப்பதற்கானவை.

படி 1: வரைந்தவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

யசுஹிகோ யோஷிகாசு 1947-இல் ஹொக்கைடோவில் எங்கரு என்ற ஊரில் பிறந்தவர். ஹிரோசாகி பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மாணவர் போராட்டங்களில் இறங்கினார். அதற்காகவே அங்கிருந்து நீக்கப்பட்டார். 1970-இல் டோக்கியோவுக்கு வந்து, மங்கா ஓவியர் தெசுகா ஒசாமு நிறுவிய முஷி புரொடக்‌ஷனில் அனிமே தொழிலைக் கற்றார்.

கன்டம் அனிமேவில் இயக்கம் டொமினோ யோஷியுகி. இயந்திர வடிவமைப்பு ஒகவாரா குனியோ. பாத்திர வடிவமைப்பும் அசைவூட்ட மேற்பார்வையும் யசுஹிகோ. தொடருக்குப் பார்வையாளர் எண்ணிக்கை சரியாக அமையவில்லை. 52 வாரம் என்று திட்டமிட்டிருந்ததை 43-ஆகக் குறைத்து, 1980 ஜனவரியில் முடித்துவிட்டார்கள். தொடர் முடிவை நெருங்கிய நேரத்தில் யசுஹிகோ நோயில் விழுந்து மருத்துவமனையில் சேர்ந்தார். தான் வடிவமைத்த முகங்களைக் கடைசி அத்தியாயங்களில் தன் கையால் வரைய அவருக்கு வாய்க்கவில்லை. பிறகு மறு ஒளிபரப்புகளும் 1980 ஜூலையில் பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் மாடல்களும் தொடரை நாடறிந்த ஒன்றாக ஆக்கின. 1981, 1982 ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களாகத் தொகுத்தபோது, மூன்றாவது படத்துக்கு யசுஹிகோ நிறையக் காட்சிகளைப் புதிதாக வரைந்தார்.

1989-இல் தான் இயக்கிய ஒரு படத்துக்குப் பிறகு அனிமேவை விட்டு விலகி, முழுநேர மங்கா ஓவியரானார். அந்தக் காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைக் கவனியுங்கள்: 1930-களின் மஞ்சூரியா, ஜான் ஆஃப் ஆர்க், இயேசு. ஆக, 2001-இல் கன்டம் கதைக்குத் திரும்பி வந்தவர் வெறும் அனிமே வடிவமைப்பாளர் இல்லை. அரசியலைக் கூட்டத்துக்குள் நின்று பார்த்தவர், வரலாற்றுக் கதைகளை ஆண்டுக்கணக்கில் வரைந்து கை பழகியவர். ஆரிஜின் தொகுதிகளில் ஊர்வலங்களும் கலவரங்களும் சவ அடக்கங்களும் ஏன் இத்தனை நம்பகமாக இருக்கின்றன என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நூலின் அட்டையில் மூலக்கதை யாதாதே ஹாஜிமே, டொமினோ யோஷியுகி என்று இருக்கும். யாதாதே ஹாஜிமே என்று ஓர் ஆள் கிடையாது. அனிமேவைத் தயாரித்த சன்ரைஸ் ஸ்டுடியோவின் குழுவினர் கூட்டாக வைத்துக்கொண்ட புனைபெயர் அது.

படி 2: பதிப்பையும் வரிசையையும் முடிவு செய்யுங்கள்

ஜப்பானில் இது கதைக்கு 23 தொகுதிகள், அதன் பிறகு ஒரு சிறப்புத் தொகுதி என்று மொத்தம் 24-ஆக வந்தது. வண்ணப் பக்கங்களோடு பெரிய அளவில் 12 தொகுதிகளாக இன்னொரு பதிப்பும் வந்தது. அந்த 12 தொகுதிப் பதிப்பைத்தான் வெர்டிகல் நிறுவனம் 2013 முதல் 2015 வரை கெட்டி அட்டையில் ஆங்கிலத்தில் வெளியிட்டது. நம்மில் பெரும்பாலோர் படிக்கப் போவது இதையே என்பதால், இனி நான் சொல்லும் தொகுதி எண்கள் எல்லாம் இந்த ஆங்கிலப் பதிப்பின் எண்கள்.

12 தொகுதிகளின் பொருள் வரிசை இது: 1 தொடக்கம், 2 கார்மா, 3 ராம்பா ரால், 4 ஜாபுரோ, 5 ஷாரும் செய்லாவும், 6 போரை நோக்கி, 7 லூம் போர், 8 ஒடெஸா நடவடிக்கை, 9 லாலா, 10 சாலமன், 11 ஒளிரும் விண்வெளி, 12 சந்திப்புகள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இதே வரிசையில் படியுங்கள். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் பின்னோக்கிப் போகிற கதை. காலவரிசைப்படி அவை முதலில் வர வேண்டியவை. அதனால் அவற்றை முதலில் படிக்கச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்டிருப்பீர்கள். கேட்காதீர்கள். முகமூடி அணிந்த ஒரு பகைவனை நான்கு தொகுதிகள் வெளியிலிருந்து பார்த்து, அவன்மேல் வெறுப்பும் ஈர்ப்பும் ஒருசேர வந்த பிறகு அவன் சிறுவயதுக்குள் நுழைய வேண்டும். ஓவியர் அமைத்த அந்த ஒழுங்கைக் குலைத்தால் ஐந்தாம் தொகுதியின் பாதி வலிமை போய்விடும்.

அனிமேவை முன்பே பார்த்திருக்க வேண்டுமா? தேவையில்லை. ஆரிஜின் தன்னளவில் முழுமையான கதை. முன்பே பார்த்தவர்களுக்கு வேறு விதமான இன்பம் காத்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் திருட்டு ஸ்கேன்களில் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். உரிமைக்காக மட்டும் சொல்லவில்லை. யசுஹிகோ தூரிகையால் வரைபவர். அவருடைய கோடு ஒரே இழுப்பில் தடித்து, மெலிந்து, நுனியில் உலர்ந்து முடியும். மங்கலான ஸ்கேனில் அது வெறும் கருப்புக் கோடாகிவிடும். முதல் தொகுதியை மட்டும் வாங்கிப் பாருங்கள், அல்லது டிஜிட்டல் பதிப்பாக வாங்குங்கள். பிடித்தால் மற்றவை.

படி 3: பக்கத்தைப் படிக்கும் திசை

ஏற்கெனவே மங்கா படிப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். தமிழ் காமிக்ஸ்களில் வளர்ந்து முதன்முறையாக மங்காவைக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் கணக்கில் பின்னட்டையாக இருக்கும் பக்கத்திலிருந்து புத்தகத்தைத் திறக்க வேண்டும். பக்கத்தின் வலது மேல் மூலையில் தொடங்கி இடதுபுறம் போக வேண்டும். அந்த வரிசை முடிந்ததும் கீழிறங்கி மறுபடி வலது ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பேனலுக்குள் (படக் கட்டத்துக்குள்) பல பலூன்கள் (வசனக் குமிழ்கள்) இருந்தால் அங்கும் அதே ஒழுங்குதான்: வலது மேலே இருப்பவர் முதலில் பேசுகிறார்.

சிக்கல் வருவது பேனல்கள் சம அளவில் இல்லாதபோது. வலது ஓரத்தில் நெடுக ஒரு பேனல், அதற்கு இடப்பக்கம் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு சிறிய பேனல்கள் என்றால், முதலில் நெடும் பேனல், பிறகு இடப்பக்கத்தில் மேலிருந்து கீழ். நெடும் பேனல் இடது ஓரத்தில் இருந்தால், வலப்பக்கச் சிறிய பேனல்கள் இரண்டையும் மேலிருந்து கீழாக முடித்துவிட்டு நெடும் பேனலுக்கு வாருங்கள். குழப்பமாக இருந்தால் பேனல்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியைப் பாருங்கள். மங்காவில் பெரும்பாலும் கிடைமட்ட இடைவெளி அகலமாகவும் செங்குத்து இடைவெளி குறுகலாகவும் இருக்கும். அகலமான இடைவெளி வந்தால் ஒரு வரிசை முடிந்தது என்று பொருள்.

டிஜிட்டலில் படிப்பவர்கள், திரை போதுமான அளவு பெரிதாக இருந்தால், இரண்டு பக்கக் காட்சியை வைத்துக்கொள்ளுங்கள். விண்வெளிப் போர்க் காட்சிகள் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே படமாக விரிகின்றன. ஒற்றைப் பக்கமாகப் பார்த்தால் அவை பாதியாக வெட்டுப்படும். கைபேசியில் இந்த மங்காவைப் படிப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

ஓர் அத்தியாயம் நீர்வண்ணத்தில் தொடங்கிச் சில பக்கங்களில் சட்டென்று கருப்பு வெள்ளைக்கு மாறினால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். இதழில் வந்தபோது வண்ணத்தில் அச்சான பக்கங்களை நூலிலும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த வண்ணப் பக்கங்களில் நின்று நிதானமாகப் போங்கள். யசுஹிகோ வானத்துக்கும் உலோகத்துக்கும் தோலுக்கும் வண்ணம் வைக்கும் விதத்துக்காகவே இந்தத் தொகுதிகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 4: கதை நிகழும் உலகத்தை மனதில் ஏற்றுங்கள்

முதல் அத்தியாயத்திலேயே போர் நடந்துகொண்டிருக்கிறது. யாரும் நின்று விளக்கமாட்டார்கள். ஆகவே இந்த அடிப்படையை முன்பே தெரிந்துகொண்டால் தடுமாற்றம் குறையும்.

காலம்: யுனிவர்சல் செஞ்சுரி என்ற புதிய ஆண்டுக்கணக்கில் 0079. மக்கள் பெருக்கத்தைப் பூமி தாங்காததால் மனிதர்களை விண்வெளிக் குடியிருப்புகளுக்கு அனுப்பத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது.

இடம்: இந்தக் குடியிருப்புகள் கற்பனையில் மட்டும் பிறந்தவை அல்ல. அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓ’நீல் 1970-களில் முன்வைத்த உருளை வடிவ விண்வெளிக் குடியிருப்புத் திட்டம்தான் இவற்றின் அடிப்படை. ஏறத்தாழ 6.4 கிலோமீட்டர் விட்டமும் 30 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட உருளை. அதன் உட்சுவரில் நிலம், ஆறு, ஊர். உருளை தன்னைத்தானே சுற்றுவதால் உள்ளே எடை உண்டாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், பூமியில் உள்ள அதே எடை கிடைக்க ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். நீளவாக்கில் மூன்று பட்டை நிலம், மூன்று பட்டை கண்ணாடிச் சாளரம். வெளியே இருக்கும் பெரிய ஆடிகள் சூரிய ஒளியை உள்ளே திருப்புகின்றன. மங்காவில் ஒரு பாத்திரம் நிமிர்ந்து பார்க்கும்போது வானத்தில் இன்னோர் ஊர் தலைகீழாகத் தெரிந்தால், ஓவியர் பிசகவில்லை என்று இப்போது புரியும்.

குடியிருப்புகளின் தொகுதி ஒவ்வொன்றும் ‘சைடு’ எனப்படும். பூமி, நிலவு இரண்டின் ஈர்ப்பும் சுற்றுப்பாதை இயக்கமும் சேர்ந்து சமன்படும் லக்ராஞ்சு புள்ளிகளில் அவை மிதக்கின்றன. இதில் இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நிலவுக்குப் பின்னால், பூமிக்குத் தெரியாத பக்கத்தில், இருப்பது சைடு 3. நிலவுக்கு நேரெதிராக, பூமிக்கு மறுபுறம் இருப்பது கதை தொடங்கும் சைடு 7. எல்லோரையும்விடத் தூரத்தில், பூமியை நிமிர்ந்து பார்த்தால்கூடக் காண முடியாத இடத்தில் வாழ்கிறவர்களிடம்தான் தனிநாட்டுக் கோரிக்கை முதலில் எழுகிறது. கதையின் அரசியல் முழுக்க இந்த நிலவியலில் அடங்கியிருக்கிறது.

தரப்புகள்: பூமியிலிருந்து எல்லாவற்றையும் ஆளும் பூமிக் கூட்டரசு ஒருபுறம். சைடு 3-இல் எழுந்த ஜியோன் சிற்றரசு மறுபுறம். ஜியோன் என்பது ஒரு மனிதரின் பெயரும்கூட. ஜியோன் ஜும் டெய்க்குன் என்ற சிந்தனையாளர், விண்வெளியில் வாழ்வதால் மனிதர்கள் ஒருவரை ஒருவர் இன்னும் ஆழமாக உணரும் புதிய மனிதர்களாக வளர்வார்கள் என்று சொன்னார். ‘நியூடைப்’ என்ற சொல் வரும்போதெல்லாம் இந்தக் கருத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இறந்த பிறகு அவர் பெயரைத் தாங்கிய நாட்டை ஜாபி குடும்பம் கைப்பற்றுகிறது.

அந்தக் குடும்பத்தை ஒரு தாளில் எழுதி நூலுக்குள் செருகி வையுங்கள், கண்டிப்பாகப் பயன்படும். தந்தை டெக்வின். பிள்ளைகள்: சர்வாதிகார மனம் கொண்ட கிரென், பழைய கதையில் மட்டும் வரும் சாஸ்ரோ, சூழ்ச்சியில் தேர்ந்த மகள் கிசிலியா, மலைபோன்ற உடம்பும் இளகிய மனமும் கொண்ட டோஸுல், எல்லோரும் செல்லம் கொடுக்கும் கடைக்குட்டி கார்மா.

இயந்திரங்கள்: மினோவ்ஸ்கி துகள் என்ற கற்பனைத் துகள் ரேடாரைக் குருடாக்கிவிடுகிறது. தூரத்திலிருந்து ஏவுகணையால் குறிபார்த்து அடிக்க முடியாத நிலையில், கண்ணால் பார்த்து அருகில் சென்று போரிட வேண்டியிருக்கிறது. மனிதர் உள்ளே அமர்ந்து இயக்கும் ‘மொபைல் சூட்’ அதற்காகப் பிறந்தது. ராட்சத ரோபோ ஏன் தேவை என்ற கேள்விக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கியதால்தான் இந்த வரிசைக்கு அறிவியல் புனைவு வாசகர்களிடம் மதிப்பு. கூட்டரசு புதிதாக உருவாக்கும் மொபைல் சூட்டான கன்டத்தின் உயரம் 18 மீட்டர், ஐந்தாறு மாடிக் கட்டடத்தின் அளவு. 2009-இல் டோக்கியோவின் ஒடைபாவில் முழு அளவுச் சிலையே நிறுவினார்கள். போரில் யார் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் முகத்தைப் பாருங்கள்: ஒற்றைக் கண் ஓடினால் அது ஜியோன் தரப்பு.

படி 5: முதல் நான்கு தொகுதிகளை வேகமாகப் படியுங்கள்

சைடு 7-இல் அமுரோ ரே என்ற பதினைந்து வயதுப் பையன். அவன் தந்தை கூட்டரசுக்காகப் புதிய ஆயுதம் ஒன்றை உருவாக்கும் பொறியாளர். ஜியோனின் ஸாக்கு இயந்திரங்கள் உளவு பார்க்க உள்ளே நுழைகின்றன. சண்டை மூண்டு ஊர் சிதைகிறது. அகதிகளையும், பயிற்சி முடியாத இளைஞர்களையும், யாரும் இயக்கிப் பழகாத கன்டத்தையும் ஏற்றிக்கொண்டு ‘ஒயிட் பேஸ்’ என்ற கப்பல் புறப்படுகிறது. கப்பலின் பொறுப்பு பிரைட் நோவாவின் தலையில் விழுகிறது. அவனுக்கு வயது பத்தொன்பது. துரத்தி வருபவன் முகமூடி அணிந்த ஷார் அஸ்னபிள், அவனுக்கு இருபது. இந்த வயதுகளை மறக்காமல் படியுங்கள். பெரியவர்கள் தொடங்கிய போரில் சிறுவர்கள் ஒருவரை ஒருவர் அடித்தும் அதட்டியும் உயிர் பிழைக்கப் பார்க்கிறார்கள். பிரைட்டின் கடுமைக்குப் பின்னால் இருக்கும் பயத்தை யசுஹிகோ புருவத்திலும் வாயோரத்திலும் வைத்திருப்பார்.

இந்தப் பகுதியைச் சண்டைக் கதையாகவே, நிறுத்தாமல் படிக்கலாம். ஓட்டம் நன்றாக இருக்கிறது. இரண்டு இடங்களில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள்.

முதலாவது கார்மா. எதிரித் தளபதியாக அறிமுகமானாலும், தன்னை நிரூபிக்கத் துடிக்கும் ஒரு பிள்ளையாகவே அவன் வரையப்பட்டிருக்கிறான். அவனைச் சுற்றி நடப்பதை நன்றாக நினைவில் வையுங்கள். ஆறாம் தொகுதியில் அவனும் ஷாரும் ராணுவப் பள்ளி மாணவர்களாக வரும்போது, இங்கே படித்த ஒவ்வொரு பேனலும் மாறிப்போகும்.

இரண்டாவது ராம்பா ரால். பழைய பாணிப் படைவீரர், மரியாதை தெரிந்தவர், தம் ஆட்களைக் கைவிடாதவர். உடன் வாழும் ஹமோனோடும் படையோடும் ஒரு குடும்பமாகத் திரிகிறார். பாலைவன ஊரின் உணவகம் ஒன்றில், தாங்கள் தேடி வந்த பகைவன் இவன்தான் என்று அறியாமல் அமுரோவை அவர்கள் எதிர்கொள்ளும் காட்சி முழுக்கப் பார்வைகளால் ஆனது. யார் யாரைப் பார்க்கிறார்கள், எப்போது கண்ணை விலக்கிக்கொள்கிறார்கள் என்று பேனல் பேனலாகப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் மதிப்பு முதல்முறையாக அந்தப் பையனுக்குக் கிடைக்கிறது. கொடுப்பவரோ அவன் கொல்ல வேண்டிய ஆள். நான் ஆரிஜினை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் எடுத்துக்காட்டும் பகுதி இதுதான்.

படி 6: ஐந்து, ஆறு, ஏழு — இங்கே நேரம் கொடுங்கள்

நான்காம் தொகுதி முடிந்து அடுத்ததைத் திறந்தால் கதை யுனிவர்சல் செஞ்சுரி 0068-க்குப் போய்விடுகிறது. அமுரோவைக் காணோம், கன்டத்தைக் காணோம். சண்டைக்காகப் படித்தவர்கள் சோர்ந்து நிறுத்துவது இந்த இடத்தில்தான். நிறுத்தாதீர்கள். அனிமேவில் ஓரிரு வசனங்களாகவும் சில நொடி நினைவுகளாகவும் மட்டும் கடந்து போன முன்கதையை, யசுஹிகோ மூன்று பெரிய தொகுதிகளாக விரித்திருக்கிறார். அவர் வரலாற்று மங்காவில் கற்றதெல்லாம் இங்கே இறங்கியிருக்கிறது.

தலைவர் டெய்க்குன் திடீரென்று இறக்கிறார். அவர் மகன் காஸ்வல், மகள் ஆர்டீசியா, தாய் அஸ்ட்ராயா. குழந்தைகள் வாழும் வீட்டுக்கு வெளியே கூட்டம் கொதிக்கிறது. உள்ளே, யார் பாதுகாக்கிறார்கள், யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்றே தெரியாத நிலை. சிறுமியின் கையில் லூசிஃபர் என்ற பூனை. குழந்தைகளைப் பூமிக்குக் கடத்திவிடும் திட்டத்தில் இளம் ராம்பா ராலும் ஹமோனும் இருக்கிறார்கள். மூன்றாம் தொகுதியில் நீங்கள் பார்த்த அவர்களின் பழக்கவழக்கங்களுக்கெல்லாம் இப்போது வேர் தெரிகிறது.

படிக்கும்போது மூன்று சரடுகளைப் பிரித்துப் பின்தொடருங்கள் என்பேன். காஸ்வலின் கண்கள் ஒன்று. தொடக்கத்தில் குழந்தைக் கண்களாக இருப்பவை எந்தப் பக்கத்தில் மாறுகின்றன என்று தேடுங்கள். தங்கை அதை எப்போது கண்டுகொள்கிறாள் என்றும் பாருங்கள். அதைத் தூண்டிய நிகழ்ச்சியை இங்கே சொல்லமாட்டேன்.

அடுத்தது அரசு மாறும் விதம். நேர்மையான கோபத்தோடு தெருவில் இறங்கும் மக்கள், அந்தக் கோபத்தை எடுத்துத் தங்கள் கொடியாக்கிக்கொள்ளும் ஜாபிகள், சீருடைகள் பெருகுவது, பேச்சுகளின் தொனி ஏறுவது. ஜியோனின் தோற்றம் நாஜி ஜெர்மனியை நினைவூட்டுவது தற்செயல் இல்லை. அனிமேவிலேயே தந்தை டெக்வின் தன் மகன் கிரெனை ஹிட்லரோடு ஒப்பிட்டுப் பேசுகிறார். மங்கா அதற்கும் ஒரு படி உள்ளே போகிறது. சுதந்திரம் கேட்டவர்களின் கோரிக்கையில் நியாயம் இருந்தது என்பதை மறைக்காமல் காட்டிவிட்டு, அதே கோரிக்கை பேரழிவில் போய் முடிவதைக் காட்டுகிறது. கூட்டரசும் நல்லவர்களின் அணி கிடையாது. எளிய பதில் எதுவும் வாசகருக்குக் கிடைப்பதில்லை. நான் இந்தப் பகுதியை மறுபடி மறுபடி எடுப்பதற்கு அதுதான் காரணம்.

மூன்றாவது, ஆயுதம் பிறக்கும் கதை. மொபைல் சூட் என்பது வேலைக்கான இயந்திரமாக இருந்து, சோதனைகளில் தோற்று, மேலதிகாரிகளால் புறக்கணிக்கப்பட்டு, கடைசியில் போரின் முகத்தையே மாற்றும் பொருளாவது படிப்படியாக வருகிறது. ராட்சத ரோபோவை ஒரு தொழில்நுட்ப வரலாறாகச் சொன்ன கதைகளில் இதற்கு இணையாக நான் வேறொன்றைப் படித்ததில்லை.

ஏழாம் தொகுதி கனமானது. போர் தொடங்கிய முதல் வாரத்தில், ஜியோன் ஒரு குடியிருப்பையே பூமியின் மீது வீசுகிறது. அதன் பெரும் துண்டு சிட்னியில் விழுகிறது. போரின் முதல் மாதத்தில் மனிதகுலத்தில் பாதி அழிந்தது என்று அனிமேவின் முன்னுரைக் குரல் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்த செய்தி, இங்கே பக்கம் பக்கமாக நடக்கிறது. இதை இரவில் படுக்கும் முன் படிக்க வேண்டாம். தொடர்ந்து வரும் லூம் போரில் கூட்டரசின் பெரிய கப்பற்படையை மொபைல் சூட்கள் சிதறடிப்பதும், அதன் தளபதி ரெவில் சிறைபிடிக்கப்படுவதும், போர் நின்றுவிடும் என்ற நம்பிக்கை கை நழுவுவதும் வருகின்றன. போர் முறைகளுக்கு எல்லை வகுக்க இரு தரப்பும் செய்துகொள்ளும் தென்துருவ ஒப்பந்தம் என்ற பெயர் மற்ற கன்டம் கதைகளிலும் அடிக்கடி வரும். அது பிறக்கும் இடம் இது.

படி 7: கடைசி ஐந்து தொகுதிகள்

இப்போது கதை மறுபடி 0079-க்கு வருகிறது, நீங்கள்தான் வேறு ஆளாகியிருப்பீர்கள். ஷார் பேசும் ஒவ்வொரு வசனத்துக்கும் அடியில் இன்னொரு வசனம் கேட்கும். ஒயிட் பேஸில் இருக்கும் செய்லா ஏன் அப்படி விலகி நிற்கிறாள் என்பது சொல்லாமலே புரியும்.

எட்டாம் தொகுதியில் தரைப் போர். ஒன்பதில் லாலா சூன் வருகிறாள். நெற்றியில் பொட்டு வைத்த இந்தப் பெண் இந்திய வாசகர்களுக்கு உடனே கண்ணில் படுவாள். அவளை ஒரு மர்மப் பொருளாக மட்டும் பார்க்காமல், அமுரோ, ஷார் இருவரும் அவளிடம் என்ன தேடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். நியூடைப் என்ற கருத்து இங்கே மேடைப் பேச்சிலிருந்து இறங்கி, இரண்டு மனங்கள் ஒன்றை ஒன்று தொட்டுவிடும் வலியாக மாறுகிறது. இந்தக் காட்சிகளில் பேனல் எல்லைகள் கரைந்து, வரிசை சற்றே மங்கும். அவசரப்பட்டு ஒழுங்கு தேடாமல் முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் வாங்குங்கள்.

பத்தும் பதினொன்றும் பெரிய விண்வெளிப் போர்கள். போர் வரைபடம் குழம்பினால் கவலை வேண்டாம், ஜாபி குடும்பத் தாளை மட்டும் வெளியே எடுங்கள். யார் எந்தக் கோட்டையில் இருக்கிறார்கள், யார் யாரை நம்பவில்லை என்பது போதும். பன்னிரண்டைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். நோயால் தன் கையால் முடிக்க முடியாமல் போன அந்த இறுதிப் பகுதியை முப்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் முழுக்க வரைந்திருக்கிறார் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு திறங்கள்.

படி 8: அனிமே தெரிந்தவர்களுக்கு

அனிமே பார்த்தவர்கள் மாற்றங்களைத் தேடிப் படிப்பது தனி இன்பம். பயண வழி மாறியிருக்கிறது. அனிமேவில் ஒயிட் பேஸ் வட அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்குப் போய், ஒடெஸா, பெல்ஃபாஸ்ட் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து தென் அமெரிக்காவின் ஜாபுரோ தளத்தை அடையும். மங்காவில் வட அமெரிக்காவிலிருந்து நேரே தெற்கே இறங்கி ஜாபுரோவை அடைகிறது, ஒடெஸா பிறகுதான் வருகிறது. ஒரு கப்பலின் பயணமாக இதுவே நம்பும்படி இருக்கிறது என்பது என் கருத்து.

பொம்மை விற்பனைக்காக அனிமேவில் புகுத்தப்பட்ட துணை விமானம் மங்காவில் இல்லை. 1980-களின் திரைப்படத் தொகுப்பே அதைக் கைவிட்டிருந்தது. அமுரோ கன்டத்தை இயக்கியது எப்படிச் சாத்தியம் என்ற பழைய கேள்விக்கு, அவன் முன்பே தந்தையின் கணினியில் திருட்டுத்தனமாகப் பார்த்துவைத்திருந்தான் என்று மங்கா பதில் வைக்கிறது. கூட்டரசின் மற்ற இயந்திரங்களான கன்கேனன், கன்டேங்க் இரண்டும் கன்டத்துக்கு முந்தைய தலைமுறை ஆயுதங்களாக வரலாற்றில் பொருந்தி நிற்கின்றன.

இந்த மாற்றங்களை வைத்து எது ‘அதிகாரபூர்வம்’ என்று சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஒரே கதையை அறுபதை நெருங்கும் வயதில் இன்னொரு முறை யோசித்த கலைஞரின் முடிவுகளாக அவற்றைப் படித்தால் அதிகம் கிடைக்கும்.

படி 9: முடித்த பிறகு

ஐந்து முதல் ஏழு வரையான முன்கதை மட்டும் 2015 முதல் 2018 வரை ஆறு பகுதிகளாக அனிமே ஆனது. யசுஹிகோ தலைமை இயக்குநராகத் திரும்பி வந்தார். 2019-இல் அதையே 13 அத்தியாயங்களாக வெட்டித் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மங்காவை முடித்துவிட்டுப் பாருங்கள். குறிப்பாகச் சிறுவயதுப் பகுதியில் அசைவு நன்றாக அமைந்திருக்கிறது. போர்க் காட்சிகள் கணினி வரைகலை. தூரிகைக் கோட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அவை சற்று வழவழப்பாகப் படலாம்.

2022-இல் யசுஹிகோ இயக்கிய ‘குக்குருஸ் டோனின் தீவு’ திரைப்படமும் இருக்கிறது. 1979 தொடரின் 15-ஆம் அத்தியாயத்தை முழுநீளமாக விரித்த படம் அது. அந்த அத்தியாயம் ஆரிஜின் மங்காவின் கதையில் இடம்பெறவில்லை. படத்தின் நிகழ்ச்சிகள், ஒயிட் பேஸ் ஜாபுரோவை விட்டுக் கிளம்பிய பிறகு, ஒடெஸாவுக்கு முன்பாக நடக்கின்றன. ஆகவே முன்கதை மூன்று தொகுதிகளையும் படித்து முடித்து, எட்டாம் தொகுதியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மாலையில் அதைப் பார்த்துவிடலாம்.